றங்குப் பெட்டியில் கிடந்த பிலிமில் இன்னும் படம் இருக்குமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். திருகோணமலை உவர்மலையில் பழைய வீட்டை ஒதுக்கும்போது அப்பப்பாவின் றங்குப் பெட்டிக்குள் ஒரு யாஷிக்கா கமரா கிடைத்திருக்கிறது. உள்ளே பிலிம் ரோல். எண்ணிக்கை வட்டம் 22இல் நிற்கிறது. அப்பப்பா 1985இல் காலமானார். அதற்குப் பிறகு அந்தக் கமராவை ஒருவரும் தொட்டதில்லை. இப்போது கழுவினால் படம் வருமா, பின்மூடியைத் திறந்து பார்க்கலாமா, யாரிடம் கொடுக்கலாம் என்று மூன்று கேள்விகள். ஆனால் போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: "கழுவாத பிலிமில் படம் ஏற்கனவே இருக்கிறதா, இல்லை கழுவும்போதுதான் உண்டாகிறதா?" அவர் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். அது விளங்கினால் மற்ற மூன்றுக்கும் பதில் பாதி தானாக வந்துவிடும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்மூடியைத் திறக்க வேண்டாம். ஒரு விநாடிகூட வேண்டாம். எடுத்து முடிந்த 22 படமும் இப்போது வலப்பக்கச் சுருளில், பிலிம் வந்த சின்னக் கூட்டுக்கு வெளியே சுற்றியபடி இருக்கின்றன. மூடியைத் திறந்தால் முதலில் போவது அவைதான். உள்ளே பிலிம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்த வேண்டுமானால், இடப்பக்கம் மேலேயுள்ள சுற்றும் குமிழை அம்புக்குறிப் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கம் தெரிந்தால் பிலிம் இருக்கிறது. அத்தோடு நிறுத்துங்கள். நாற்பது வருடப் பிலிம் காய்ந்த பனையோலை மாதிரி, இழுத்தால் முறியும்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும், எதை நம்பலாம் என்று தெரிவதற்காக. சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் மாமாவின் ஸ்டூடியோ இருட்டறையில் கைவேலைக்குப் போனேன். பதினொரு வருடம் அங்கே போனது. பிறகு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்து இப்போது ஓய்வு. என் கை பழகியது கறுப்பு வெள்ளை பிலிமில். கலர் ரோலை நாங்கள் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம். ஆகவே கலரைப் பற்றி நான் சொல்வது படித்தது. கறுப்பு வெள்ளையைப் பற்றிச் சொல்வது விரல் நகம் கறுத்துப் படித்தது.

பிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் நாடா, அதன்மேல் பூசிய மெல்லிய ஜெலற்றின் படலம். அந்தக் காலத்து ரோல்களில் நாடா பெரும்பாலும் செலுலோசு மூவசற்றேற்று. ஜெலற்றின் வேறொன்றுமில்லை, மாட்டுத் தோலையும் எலும்பையும் அவித்து எடுப்பது. எலும்பு சூப் ஆறினால் கோப்பைக்குள் கட்டிப்படுமே, அதே சாமான். 1871இல் ரிச்சர்ட் மடொக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர்தான் இதைப் படம் பிடிக்கும் தட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அதற்கு முன்பு ஈரத்தோடு ஈரமாகத் தட்டைத் தயாரித்து, உடனே படம் பிடித்து, உடனே கழுவ வேண்டும். ஜெலற்றின் வந்த பிறகுதான் இன்றைக்கு எடுத்து நாளைக்குக் கழுவலாம் என்ற வசதி வந்தது. உங்கள் அப்பப்பா எடுத்துவிட்டுக் கழுவாமல் வைக்க முடிந்ததும் அந்த வசதியால்தான்.

அந்த ஜெலற்றினுக்குள் வெள்ளி புரோமைட்டு என்ற உப்பின் பளிங்குகள், கொஞ்சம் அயடைட்டும் கலந்து, விரவிக் கிடக்கின்றன. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் அளவு, அதை அண்டிய பருமன். இதில் எனக்கு எப்போதும் பிடித்த கதை ஒன்று உண்டு. ஒரு தொகுதி ஜெலற்றினில் செய்த பிலிம் வேகமாகப் படம் பிடிக்கும், இன்னொன்று மந்தமாக இருக்கும். காரணம் தெரியாமல் தொழிற்சாலைகள் திண்டாடின. 1925இல் கொடக் பிலிம் கம்பனியின் ஆய்வுகூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் கண்டுபிடித்தது, நல்ல ஜெலற்றினில் கடுகெண்ணெயை ஒத்த கந்தகச் சேர்வைகள் அற்பமாகக் கலந்திருக்கின்றன என்பது. மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து வந்தது. அந்தக் கந்தகம் பளிங்கின்மேல் வெள்ளி சல்பைட்டுப் புள்ளிகளை உண்டாக்குகிறது. வெளிச்சத்தைப் பிடித்து வைப்பதற்கு அந்தப் புள்ளிதான் பொறி. பிறகு கந்தகத்தை அளந்து சேர்க்கப் பழகிக்கொண்டார்கள். மாடு என்ன தின்றது என்ற கவலை போய்விட்டது.

அப்பப்பா பொத்தானை அமர்த்திய விநாடியின் சிறு பங்கில் நடந்தது இது. வெளிச்சம் பளிங்கில் பட்டதும் புரோமைட்டு அயனிலிருந்து ஓர் இலத்திரன் கழன்று அலைகிறது. அலைந்து போய் அந்தப் புள்ளியில் மாட்டிக்கொள்கிறது. பளிங்குக்குள் இடம்பெயரக்கூடிய வெள்ளி அயன்கள் சில எப்போதும் உண்டு. அதில் ஒன்று அந்த இலத்திரனை நாடி வந்து சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. இன்னொரு இலத்திரன், இன்னொரு அயன், இன்னொரு அணு. 1938இல் கேர்ணி, மொட் என்ற இருவர் வகுத்த விளக்கம் இது. படிகளின் ஒழுங்கைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள், ஆனால் அடிப்படையை ஒருவரும் தள்ளவில்லை. ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் பளிங்கு கழுவும்போது கறுக்கத் தயார். ஒரு பளிங்கில் நூறு கோடிக்கணக்கில் வெள்ளி அயன்கள் இருக்கின்றன. அதில் நான்கு.

ஆகவே படம் இப்போதே இருக்கிறதா என்றால், இருக்கிறது. எந்த நுணுக்குக்காட்டியால் பார்த்தும் பிடிபடாத அளவில், பளிங்குக்கு நாலைந்து அணுவாக இருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போது நான் தயிர்ச் சட்டியைத்தான் உதாரணம் காட்டுவேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூதூர், கிண்ணியா எருமைத் தயிரைத் தெரியாமல் இருக்காது. இரண்டு சட்டிப் பால் வைத்து ஒன்றில் மட்டும் ஒரு துளி உறைமோர் விட்டால், அந்த நேரம் பார்த்தால் இரண்டும் ஒரே பால்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விடிய ஒன்று தயிர், மற்றது பால். வெளிச்சம் பட்ட பளிங்கில் விழுந்த நாலு அணு உறைமோர். இரவு முழுக்க நடப்பதைப் பத்து நிமிடத்தில் நடத்துவது டெவலப்பர் என்ற கழுவும் மருந்து. உறை ஊற்றாத பாலும் வெக்கைக்குள் நெடுநேரம் வைத்தால் தானாகத் திரைந்துவிடும் அல்லவா? பிலிமிலும் அதே வில்லங்கம் உண்டு. உங்கள் ரோலின் கதையே அதில்தான் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

டெவலப்பர் ஒரு தாழ்த்தும் கரைசல். வெள்ளி அயனுக்கு இலத்திரன் கொடுத்து வெள்ளி உலோகமாக்குவது அதன் வேலை. எல்லாப் பளிங்குக்கும் கொடுக்கத்தான் பார்க்கும். ஆனால் வெள்ளிப் புள்ளி உள்ள பளிங்கில் அந்தப் புள்ளி ஊக்கியாக நின்று வழி திறந்துவிடுகிறது, இல்லாததில் வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும். இந்த வேக வித்தியாசம்தான் புகைப்படம் முழுவதும். மாமா கலக்கியது கொடக்கின் டி-76. அதன் பங்கு இன்றும் எனக்கு மனப்பாடம்: மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஐதரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், தண்ணீர் ஒரு லீற்றர். மெற்றோலும் ஐதரோகுயினோனும் இலத்திரன் கொடுப்பவை. பத்தர் கடையில் பொன் ஊதப் பாவிக்கும் அதே வெண்காரம் கரைசலைக் காரமாக்குகிறது. காரம் இல்லாவிட்டால் அவை வேலை செய்யா. சல்பைற்று, காற்று பட்டு டெவலப்பர் கெட்டுப் போகாமல் காக்கும். கலக்கும் ஒழுங்கில் ஒரு நுட்பம்: சுடுதண்ணீரில் முதலில் மெற்றோல், அது முழுதும் கரைந்த பிறகுதான் சல்பைற்று. மாற்றிப் போட்டால் மெற்றோல் கரையாமல் மிதக்கும். நான் மாற்றிப் போட்ட அன்று மாமா ஒன்றும் பேசவில்லை, அந்த லீற்றரை அப்படியே கானுக்குள் ஊற்றிவிட்டு மறுபடியும் தராசை எடுத்து என் கையில் தந்தார்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்திருக்கிறேன். இந்த மருந்துகளுக்கெல்லாம் எழுதியிருக்கும் நேரம் 20 பாகை செல்சியசுக்கு உரியது. திருகோணமலையில் குழாயைத் திறந்தால் வருவது 29, 30. கூரைத் தாங்கித் தண்ணீர் என்றால் வைகாசி மத்தியானத்தில் அதற்கும் மேலே. ஒரு கலியாண வீட்டு ரோல். ஐஸ் வாங்கப் பஞ்சிப்பட்டு, நேரத்தைக் குறைத்தால் சரிதானே என்று நினைத்து அந்தத் தண்ணீரிலேயே கழுவினேன். டெவலப்பர் காரம், பிறகு அமிலம், பிறகு கழுவு தண்ணீர், எல்லாம் வேறு வேறு சூடு. பிலிமை வெளியே எடுத்து ஈரம் வழிக்க இரண்டு விரலால் இழுத்தேன். படம் விரலோடு வந்துவிட்டது. பாலாடை மாதிரி, மாப்பிள்ளையின் பாதி முகத்தோடு, ஜெலற்றின் சுருண்டு பெருவிரலில் ஒட்டியிருந்தது. வராத இடமெல்லாம் வறண்ட குளத்துத் தரை மாதிரி வெடித்துக் கிடந்தது. சூட்டில் ஜெலற்றின் ஊதி இளகும், சடுதியாகக் குளிர்ந்தால் சுருங்கும் என்பதைப் புத்தகத்தில் படிக்க முன்பே அன்று படித்துக்கொண்டேன். வெப்ப நாடுகளுக்கென்று வழி இருக்கிறது: டெவலப்பரில் சோடியம் சல்பேற்று சேர்த்தால் ஜெலற்றின் அவ்வளவு ஊதாது, இடையில் குரோம் படிகாரக் கரைசலில் போட்டால் இறுகும். ஆனால் வீட்டில் ஒரு ரோல் கழுவுபவருக்கு அதெல்லாம் தேவையில்லை. பெரிய பேசினில் ஐஸ் போட்டு, அதற்குள் மருந்துப் போத்தல்களை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால் போதும். ஐஸை மருந்துக்குள்ளேயே போடுபவர்களும் உண்டு. போடாதீர்கள், உருகி மருந்து நீர்த்துவிடும்.

டெவலப்பரில் உண்டாவது உலோக வெள்ளி. அப்படியென்றால் ஏன் கறுப்பு என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொலுசு கறுக்கிற மாதிரியா என்றும் கேட்பார்கள். இல்லை. கொலுசு கறுப்பது கந்தகம் பட்டு வெள்ளி சல்பைட்டு ஆவதால். இங்கே வெள்ளி சுத்தமான வெள்ளிதான், ஆனால் சட்டி தேய்க்கும் இரும்பு நார்ப் பந்து மாதிரி நுண்ணிய இழைகளாகச் சுருண்டு வளர்கிறது. அதற்குள் போன வெளிச்சம் திரும்பி வெளியே வருவதில்லை. அதனால் கறுப்பு.

டெவலப்பரிலிருந்து எடுத்ததும் மெல்லிய அசற்றிக் அமிலத்தில் போட்டு வேலையை நிறுத்த வேண்டும். வினாகிரியை நீர்த்து விட்டாலும் ஒப்பேறும். அடுத்தது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேற்று. வெளிச்சம் படாத வெள்ளி புரோமைட்டு இன்னும் பிலிமில் இருக்கிறது. அதைக் கரைத்து எடுக்காவிட்டால் வெளியே கொண்டுவந்ததும் காலப்போக்கில் எல்லாம் கறுத்துப்போகும். புரோமைட்டு தண்ணீரில் கரையாது, ஆனால் தயோசல்பேற்று வெள்ளி அயனைப் பிடித்துக் கரையக்கூடிய சிக்கல் அயனாக்கிவிடும். இதை 1819இலேயே ஜோன் ஹேர்ஷெல் என்ற விஞ்ஞானி கண்டு எழுதி வைத்திருந்தார்; இருபது வருடம் கழித்து, 1839இல், புகைப்படம் பிறந்தபோதுதான் அதற்குப் பயன் வந்தது. அதற்கு முன் டல்பொட் போன்ற முதல் புகைப்படக்காரர்கள் கறியுப்புக் கரைசலை வைத்துத்தான் சமாளித்தார்கள். ஹைப்போவைக் கரைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பளிங்கைத் தண்ணீரில் கொட்டிக் கிளறினால் பாத்திரம் கைக்குச் சில்லிடும், எங்கள் ஊர் ஈரக் காற்றில் வெளிப்பக்கம் வேர்த்து வடியும். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. வகுப்பில் அகவெப்பத் தாக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அதனால்தான் சூடான தண்ணீரில் கரைக்கத் தொடங்க வேண்டும்.

ஹைப்போ வேலையை முடித்ததும் அது பிலிமை விட்டு முழுதாகப் போக வேண்டும். போகாமல் மிச்சம் நின்றால் வருடக்கணக்கில் சிதைந்து வெள்ளியைச் சல்பைட்டாக்கும். பழைய படங்கள் மஞ்சளாக, மண்ணிறமாகப் போவதற்கு ஒரு பெரிய காரணம் இது. கொலுசுக் கறுப்பு இங்கேதான் வருகிறது. இதில் கடற்கரை ஊர்க்காரருக்கு ஒரு அனுகூலம் உண்டு. நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் ஹைப்போவைச் சீக்கிரம் அகற்றும். இரண்டாம் உலகப்போரில், நல்ல தண்ணீர் தட்டுப்பாடான போர்க்கப்பல்களில் படம் கழுவியவர்களின் அனுபவம் அது. கொடக் பிறகு விற்ற ஹைப்போ அகற்றும் உப்பு மருந்துக்கு அடிப்படையும் அதுதான். உப்பின் அயன்கள் ஜெலற்றினில் பற்றி நிற்கும் தயோசல்பேற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கின்றன. கோடையில் கிணறு வற்றிய ஒரு வருடம் மாமா என்னைச் சைக்கிளில் இரண்டு கலனோடு உள்துறைமுகப் பக்கம் அனுப்பியிருக்கிறார், எண்ணெய் மிதக்காத இடமாகப் பார்த்து அள்ளிவரச் சொல்லி. ஆனால் கடைசிக் கழுவல் நல்ல தண்ணீர்தான். உப்பு மிஞ்சினால் அது வேறு அழிவு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானதும்கூட, காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். கடைசி அலசலுக்கு மட்டும் பற்றரித் தண்ணீர் ஒரு போத்தல் வாங்குங்கள்.

ஜெலற்றினைப் பற்றிச் சொல்லும்போது சுனாமியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அல்பங்கள் நனைந்தன. நல்லது என்று நினைத்து வெயிலில் பரப்பியவர்களின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன. ஒரு அம்மா மட்டும் நேரமில்லாமல் வாளித் தண்ணீருக்குள் அப்படியே வைத்திருந்தார். அவருடைய நெகட்டிவ்களைத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து, அலசி, கொடியில் தொங்கவிட முடிந்தது. நனைந்த ஜெலற்றினைப் பிரிக்கும்வரை காயவிடக் கூடாது. அதற்காக நாள்கணக்கில் ஊறவும் விடக் கூடாது, இரண்டொரு நாளுக்குள் செய்ய வேண்டும்.

சரி, உங்கள் ரோலுக்கு வருவோம். நாற்பது வருடத்தில் அதற்குள் இரண்டு காரியம் நடந்திருக்கும். ஒன்று, அந்த நாலு அணுவில் சில ஒட்சியேறித் திரும்பவும் அயனாகிப் போயிருக்கும். அந்த இடங்களில் படம் மங்கும். மற்றது, வெளிச்சமே படாத பளிங்குகளும் வெப்பத்தாலும், இயற்கையாக மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் கதிர்வீச்சாலும் தாமாகப் புள்ளி பிடித்திருக்கும். மூட்டம் என்ற பொருளில் அதைத்தான் நாங்கள் புகார் என்போம். படம் கீழிறங்க, புகார் மேலேற, இரண்டும் சந்தித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. இது நடக்கும் என்பது நிச்சயம். எவ்வளவு நடந்திருக்கிறது என்பதுதான் சந்தேகம். றங்குப் பெட்டி இரும்பு. அது தகரக் கூரையின் கீழ் இருந்ததா, ஓட்டு வீட்டின் இருட்டறையில் இருந்ததா என்பதில் நிறைய மாறும். பிலிமின் வேகமும், அதாவது வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்பதும், மாற்றும்: 400 ஏ.எஸ்.ஏ. போன்ற வேகப் பிலிம் சீக்கிரம் புகார் பிடிக்கும், 100, 125 நின்று பிடிக்கும். கமராவிலுள்ள ஏ.எஸ்.ஏ. வட்டத்தைப் பாருங்கள், அப்பப்பா எதில் வைத்திருந்தார் என்று தெரியும்.

நம்பிக்கைக்கு ஒரு உதாரணம் சொல்வார்கள். 1897இல் சுவீடன்காரரான அன்ட்ரே இரண்டு தோழர்களோடு பலூனில் வடதுருவத்துக்குப் புறப்பட்டார், மூவரும் திரும்பவில்லை. 1930இல் ஆர்க்டிக் கடலில் ஒரு தீவில் அவர்களுடைய எச்சங்களோடு கழுவாத பிலிமும் கிடைத்தது. ஜோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் கழுவி, 240 படத்தில் 93ஐ மீட்டார். முப்பத்துமூன்று வருடம். ஆனால் அது பனிக்கட்டிக்குள் கிடந்தது, உங்களுடையது உவர்மலையில். நான் கழுவிப் பார்த்த பழைய ரோல்களில் மிகப் பழையது இருபது வருடம் இருக்கும், ஒரு மீன்பிடிக்காரருடைய வீட்டிலிருந்து வந்தது. சாம்பல் புகாருக்குள் வள்ளத்தின் அணியமும் ஒரு பிள்ளையின் காலும் தெரிந்தன. அவ்வளவுதான். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. கறுப்பு வெள்ளை என்றால் உங்களுக்கும் இப்படி ஏதாவது தெரியும் என்று நினைக்கிறேன். கூரான படத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கலர் ரோல் என்றால் நிலைமை இறுக்கம். கலர் பிலிமிலும் முதலில் உண்டாவது வெள்ளிதான். அந்த வேலையில் ஒட்சியேறிய டெவலப்பர், பிலிமில் மூன்று படையாகப் பூசிய ஜெலற்றினுக்குள் இருக்கும் சேர்வைகளோடு கூடி மஞ்சள், மெஜந்தா, சியான் சாயங்களாகிறது. பிறகு வெள்ளியை முழுதாக வெளுத்து எடுத்துவிடுவார்கள், சாயம் மட்டும் மிஞ்சும். மூன்று படையும் நாற்பது வருடத்தில் மூன்று விதமாகக் கெட்டிருக்கும், நிறம் ஒத்துவராது. ஆகவே பழைய கலர் ரோலைக் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவுவதே புத்தி. நிறம் போகும், உருவம் வெள்ளியில் நிற்கும். கூட்டில் சி-41 என்று இருந்தால் அது 1972க்குப் பின் வந்த முறைக்குரிய கலர் நெகட்டிவ்.

இனிச் செய்முறை. கழுவுவது நீங்களோ வேறு யாரோ, இதைச் சொல்லி வையுங்கள். எண்ணிக்கை 22, ரோல் 36 என்றால் பதினாலு படத்துக்கான பிலிம் வெளிச்சமே படாமல் கூட்டுக்குள் இருக்கிறது. ஒரு படத்துக்கு 38 மில்லிமீற்றர். பதினாலுக்கு அரை மீற்றருக்குச் சற்றுக் கூட. அப்பப்பா எடுக்காமல் விட்ட அந்தத் துண்டு, எடுத்தவற்றைக் காப்பாற்ற உதவும். இரவில், சிவப்பு விளக்கும் இல்லாத முழு இருட்டில், அடிப்பக்கப் பொத்தானை அமர்த்திப் பிலிமை மிக மெதுவாகத் திரும்பச் சுற்ற வேண்டும். சுற்றும்போது இறுகினால் பலம் போடாமல், இருட்டிலேயே பின்மூடியைத் திறந்து கையால் எடுக்க வேண்டும். பிறகு சோடாத் திறப்பானால் கூட்டின் மூடியைக் கழற்றி, நடுத்தண்டில் ஒட்டியிருக்கும் முனையிலிருந்து ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு மூட வேண்டும். கூட்டைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால் அடி நாடா சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதற்குமேல் நாள் கடத்தக் கூடாது.

அந்தச் சாணை மூன்றாக வெட்டுங்கள். ஒன்றை டெவலப்பர் இல்லாமல் நேரே ஹைப்போவில் போடுங்கள். அது தெளிந்து வந்தால் நாடா எவ்வளவு தெளிவு என்று தெரியும். மற்ற இரண்டிலும் பாதியை மறைத்து மறுபாதிக்கு ஒரு கணம் வெளிச்சம் காட்டி, ஒன்றைச் சாதாரண டெவலப்பரிலும் மற்றதைப் பென்சோரையசோல் சொட்டுவிட்ட டெவலப்பரிலும் கழுவுங்கள். அது புகாரை அடக்கும் மருந்து. கிடைக்காவிட்டால் பொற்றாசியம் புரோமைட்டும் உதவும். மறைத்த பாதிக்கும் வெளிச்சம் பட்ட பாதிக்கும் எதில் வித்தியாசம் கூடத் தெரிகிறதோ, மிச்ச ரோலுக்கு அதே மருந்து. பழைய பிலிம் கழுவுபவர்கள் பலர் கொடக்கின் எச்.சி-110 டெவலப்பரை விரும்புவார்கள், செறிவாகக் கலந்து குறுகிய நேரத்தில் முடித்தால் புகார் குறைவு என்று. இரண்டு பாதியும் ஒரே கறுப்பாக வந்தால் பிலிம் செத்துவிட்டது, மனதைத் தயார்படுத்திக்கொள்ளலாம். கோப்பித்தூள், சலவைச் சோடா, விற்றமின் சி மூன்றையும் கலந்து பிலிம் கழுவுவதை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அது வேலை செய்யும், நானும் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். ஆனால் இந்த ரோலில் பழகாதீர்கள். கடையில் புது ரோல் வாங்கிப் பழகுங்கள்.

வெளிநாட்டில் பழைய பிலிம் மட்டும் கழுவுபவர்களிடம் கொடுக்க யோசித்தால், தபாலிலோ பயணப் பொதியிலோ போகும்போது எக்ஸ்ரே படும். ஏற்கனவே புகார் ஏறிய பிலிமுக்கு அது மேலும் ஒரு பூச்சு, புதிய சீ.ரி. வகை இயந்திரங்கள் இன்னும் மோசம். யாராவது கையில் கொண்டுபோனால் கட்டுநாயக்காவில் கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். அதுவரை கமராவை அப்படியே இறுக்கமான பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அரை நாள் விடுங்கள், இல்லாவிட்டால் வேர்த்துவிடும். ஏ.எஸ்.ஏ. வட்டத்தில் என்ன இலக்கம் இருக்கிறது என்பதையும், பெட்டி எந்தக் கூரையின் கீழ் இருந்தது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். எவ்வளவு நிமிடம் வைத்துத் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.